முதலில் குழாய், பிறகு தார்

ஒரு சிறுநகரத்துக்கு முதலில் எது வேண்டும் என்று டீக்கடையில் கேட்டுப் பாருங்கள். ஒருவர் ரோடு என்பார், இன்னொருவர் பூங்கா என்பார், மூன்றாமவர் பேருந்து நிலையம் என்பார். எல்லாமே தேவைதான். ஆனால் இவற்றுக்குள் ஒரு வரிசை உண்டு. அது மாறினால், குழாய் பதிக்கப் புது ரோட்டைத் தோண்டி, ஒரே வேலைக்கு இரண்டு முறை செலவாகும்.

குடிநீரிலிருந்து தொடங்குவோம். பல ஊர்களில் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள், அதுவும் கொஞ்ச நேரம்தான் வருகிறது. தண்ணீர் நின்றதும் குழாய் காலியாகி உள்ளே அழுத்தம் இறங்குகிறது. எங்கே விரிசல் இருக்கிறதோ, அங்கே மண்ணில் தேங்கி நிற்பதைக் குழாய் உள்ளே இழுத்துக்கொள்ளும். பக்கத்தில் சாக்கடை கசிந்தால் அதையும் இழுக்கும். மறுமுறை தண்ணீர் விடும்போது முதல் குடம் கலங்கலாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம். யாராவது மோட்டார் வைத்து உறிஞ்சினால் இந்த இழுப்பு இன்னும் கூடும். மேல்நிலைத் தொட்டியில் குளோரின் கலந்தாலும், கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும். வழியில் அழுக்கு சேரச் சேர அது தீர்ந்துபோகும். அதனால்தான் குடிநீரைச் சரிசெய்ய வேண்டுமென்றால் சாக்கடையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

பாதாள சாக்கடையில் கழிவுநீர் பெரும்பாலும் சரிவில் தானாகவே ஓடுகிறது. மேட்டுத் தெருவில் ஆழம் குறைவாகத் தொடங்கும் குழாய், போகப்போக ஆழமாகி, பள்ளத்தில் உள்ள உந்து நிலையத்தைச் சேரும். ஒரு தெருவில் எவ்வளவு ஆழத்தில் பதிக்கிறோமோ, அதை வைத்துத்தான் அடுத்த பத்துத் தெருக்களின் ஆழம் அமையும். ஆகவே ஊர் முழுவதையும் ஒரே வரைபடத்தில் பார்த்துத்தான் இதைச் செய்ய முடியும். ரோடு அப்படியல்ல. அதை வார்டு வார்டாகப் பிரித்து, ஒவ்வொரு கவுன்சிலருக்கும் கொஞ்சம் கொடுத்துவிடலாம், சில வாரங்களில் கண்ணுக்கும் தெரியும். நகர்மன்றங்களில் ரோடு முந்திக்கொள்வதற்கு இதுதான் முக்கியக் காரணம் என்பது என் எண்ணம்.

இதை மாற்றிக் காட்டிய ஊர் ஆலந்தூர். சென்னையை ஒட்டி, அன்று தனி நகராட்சியாக இருந்தது. மக்கள்தொகை சுமார் ஒன்றரை லட்சம். வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க், நிரம்பினால் லாரி. 1996-ல் ஆர்.எஸ்.பாரதி நகர்மன்றத் தலைவரான பிறகு, பாதாள சாக்கடைதான் முதல் வேலை என்று முடிவானது. சுமார் 34 கோடி ரூபாய்த் திட்டம், நகராட்சியின் கையிருப்பில் அடங்காது. மக்களிடமே போனார்கள். வீடுகளுக்கு 5,000 ரூபாய், வணிக இடங்களுக்கு 10,000 ரூபாய் இணைப்பு டெபாசிட். தெருவில் ஒரு குழிகூட வெட்டாத நிலையில், அந்தக் காலத்து 5,000 ரூபாயைக் கொடு என்று கேட்பது லேசான காரியமா? குடியிருப்போர் சங்கங்களோடு உட்கார்ந்து திட்டத்தையும் செலவையும் விளக்கினார்கள். மக்கள் கொடுத்தார்கள். மீதிக்குக் கடனும் மானியமும் வந்தன. சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியார் நிறுவனம் கட்டி, சில ஆண்டுகள் நடத்திவிட்டு ஒப்படைப்பது என்று ஏற்பாடு. ஆலந்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு இணைந்துவிட்டது. ஆனாலும், நம் ஊர் ஜனம் காசு கொடுக்காது என்று யாராவது சொன்னால் எனக்கு ஆலந்தூர்தான் ஞாபகத்துக்கு வரும். எதற்கு, எவ்வளவு, எப்போது முடியும் என்று நேரில் வந்து சொன்னால் கொடுக்கிறார்கள்.

அண்மை ஆண்டுகளில் ஓரளவு பணமும் அந்தப் பக்கம் வந்தது. 15-வது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை சிறுநகரங்களுக்கு ஒதுக்கிய மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும்தான் செலவிட வேண்டும் என்று கட்டிவைத்தது. ஆனால் பணம் எங்கே போகிறது என்று கேட்க ஆள் இல்லாத காலமும் ஒன்று இருந்தது. தமிழ்நாட்டில் 2016-ல் நடக்க வேண்டிய நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. அத்தனை ஆண்டுகள் கவுன்சிலரே இல்லாமல், தனி அலுவலர்களை வைத்து ஊர்கள் ஓடின. அந்த இழப்பை நாம் போதுமான அளவு பேசவில்லை.

கடைசியாக ரோடு. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில் வீடுகள் பள்ளத்துக்குப் போய், மழைநீர் வாசலேறி வருகிறது. சுரண்டிய பிறகே புது ரோடு போட வேண்டும் என்று 2021-ல் அன்றைய தலைமைச் செயலர் வெ.இறையன்பு அறிவுறுத்தினார். உங்கள் தெருவில் அளவெடுக்க வருபவர்களிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: கீழே குழாய் வேலை முடிந்துவிட்டதா? பழைய தாரைச் சுரண்டுவது எஸ்டிமேட்டில் இருக்கிறதா? 2022 நவம்பர் 1 முதல், கிராம சபை போல, நகரங்களிலும் பகுதி சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்தில் இதே கேள்விகளை எழுதிக் கொடுத்து, பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள்.