விரிசல் விட்ட கியர்பாக்ஸைக் காப்பாற்றலாம்

பழைய மாருதி 800-இன் கியர்பாக்ஸ் ஹவுசிங் அலுமினிய வார்ப்பு. அடியில் கல் இடித்து விரிசல் விட்டால் ஆயில் கசியும். அதற்காக உடனே தூக்கிப் போட வேண்டியதில்லை.

என் பட்டறையில் வெல்டிங்கைவிடச் சுத்தம் செய்யத்தான் அதிக நேரம் போகும். வருஷக்கணக்கில் ஆயில் வார்ப்பின் நுண்துளைகளில் ஊறியிருக்கும். அசிட்டோனால் துடைத்து இளஞ்சூடு காட்டினால் அது மேலே கசிந்து வரும், மறுபடி துடைப்பேன். விரிசல் மேலும் ஓடாமலிருக்க இரு முனையிலும் சிறு துளை போட்டு, நடுவே 'வி' வடிவில் குடைந்துகொள்வேன்.

அலுமினியம் 660 டிகிரியில் உருகும். மேலே படிந்த ஆக்சைடு படலம் உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். அதனால்தான் ஏசி மின்சாரத்தில் டிக் வெல்டிங். மின்சாரம் படலத்தை உடைக்கும், ஆர்கான் வாயு காற்றை அண்டவிடாது. சிலிக்கான் கலந்த 4043 கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, மெதுவாக ஆறவிடுவேன்.

ஆறியதும் கசிவு இருக்கிறதா என்று பார்க்க உள்ளே மண்ணெண்ணெய் தடவி, வெளியே சாக்பீஸ் பொடி பூசுவேன். பொடியில் ஈரம் தெரியக் கூடாது.

பேரிங் உட்காரும் இடத்திலேயே விரிசல் என்றால் வெல்டிங் கேட்காதீர்கள். சூட்டில் அளவு மாறினால் பேரிங்கும் கியர் பல்லும் சீக்கிரம் தேய்ந்துவிடும். அப்போது ஹவுசிங்கையே மாற்றச் சொல்பவர்தான் நல்ல மெக்கானிக்.