திருத்தணி வெயிலும் 26 மில்லிவோல்ட்டும்

ஆர்.கே.பேட்டையிலிருந்து ஒரு பாலிடெக்னிக் மாணவர் கேட்டிருக்கிறார்: “டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் கணக்கில், 12 வோல்ட் சப்ளையை வைத்து முதலில் டி.சி. கணக்குப் போடுகிறோம். அடுத்த பக்கத்திலேயே அந்த 12 வோல்ட்டைக் கிரவுண்டோடு சேர்த்து ஏ.சி. கணக்குப் போடச் சொல்கிறார்கள். 12 வோல்ட் எப்படி சார் கிரவுண்ட் ஆகும்?”

‘அது அப்படித்தான், மனப்பாடம் செய்’ என்பதுதான் இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில். தம்பி பக்கத்து ஊர்க்காரர் என்பதால் திருத்தணி மலைக்கே போய்விடலாம். 365 படிகள். நடுவில் ஏதோ ஒரு படியில் காவடி எடுத்தவர் நின்று ஆடுகிறார் என்று வையுங்கள். அவர் எந்தப் படியில் நிற்கிறார் என்று சொல்வது டி.சி. கணக்கு. நின்ற இடத்திலிருந்து காவடி எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பது ஏ.சி. கணக்கு. மலை கடல் மட்டத்திலிருந்து எத்தனை அடி என்ற விவரத்துக்கு இரண்டாவது கணக்கில் வேலையில்லை, ஏனென்றால் அது ஆடுவதில்லை. மைக்கில் பாட்டு வந்தாலும் வராவிட்டாலும் 12 வோல்ட் 12 வோல்ட்டாகவே இருக்கிறது. மாற்றங்களை மட்டும் கூட்டிக் கழிக்கும் கணக்கில் மாறாதது எல்லாம் சுழியம், கிரவுண்டும் சுழியம். சப்ளையை யாரும் பிடுங்கவில்லை.

ஆனால் டிரான்சிஸ்டர் மலை விசித்திரமானது. பேஸ் மின்னழுத்தத்தை 60 மில்லிவோல்ட் கூட்டினால் கலெக்டர் மின்னோட்டம் பத்து மடங்காகிவிடும். இன்னொரு 60 கூட்டினால் நூறு மடங்கு. உயர உயரச் செங்குத்தாகிக்கொண்டே போகும் இப்படியொரு மலையில் எந்தக் கோயில் நிர்வாகமும் படி கட்டியிருக்காது. காவடிக்காரர் காலை அகல வீசி ஆடினால், முன்னால் வைத்த கால் எங்கோ உயரத்துக்குப் போய்விடும், பின்னால் வைத்த கால் கொஞ்சம்தான் இறங்கும். ஆட்டம் கோணலாகும். கூம்பு ஸ்பீக்கரில் நாம் கேட்கும் கரகரப்பின் ஒரு பகுதி இந்தக் கோணல்தான். அளவாக ஆடினால், காலடியில் இருக்கும் துண்டு நிலம் நேரான சரிவாகவே தெரியும். ‘சிறு சமிக்ஞை’ என்று புத்தகம் சொல்வது இந்த அளவான ஆட்டத்தை.

எவ்வளவு சிறிது? 12 வோல்ட் சப்ளைக்கு 0.1 வோல்ட் சிறியதுதானே என்று பலரும் நினைக்கிறார்கள். இங்கே அளவுகோல் 12 வோல்ட் அல்ல, 26 மில்லிவோல்ட். பேஸில் 10 மில்லிவோல்ட் உச்சமுள்ள அலையைக் கொடுத்தாலே கோணல் 10 சதவீதத்தை நெருங்கிவிடும். 1 மில்லிவோல்ட்டுக்கு 1 சதவீதம்.

இந்த 26 எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்கு அலுக்காத விஷயம். போல்ட்ஸ்மன் மாறிலியை வெப்பநிலையால் பெருக்கி எலெக்ட்ரான் மின்னூட்டத்தால் வகுத்தால், 27 டிகிரி செல்சியஸில் கிடைப்பது அது. தயாரிப்பாளருக்கு இதில் எந்த உரிமையும் இல்லை. கடையில் வாங்கும் பி.சி.547-இன் மின்னோட்டப் பெருக்கம் 110 ஆகவும் இருக்கலாம், 800 ஆகவும் இருக்கலாம், அவ்வளவு நம்பகம்! ஆனால் நின்ற இடத்தின் சரிவைக் கேட்டால் மட்டும் பி.சி.547-உம், நம் கல்லூரி ஆய்வகங்களில் தலைமுறைகளாகப் புழங்கிய எஸ்.எல்.100-உம் ஒரே பதிலைச் சொல்லும்: ஓடுகிற மின்னோட்டத்தை 26 மில்லிவோல்ட்டால் வகுத்துக்கொள். ஆக, டி.சி. கணக்கில் கிடைத்த மின்னோட்டம்தான் ஏ.சி. கணக்கின் முதல் வரி. 1 மில்லிஆம்பியர் ஓடி, கலெக்டரில் 4.7 கிலோஓம் இருந்தால், 4700-ஐ 26-ஆல் வகுக்க, மின்னழுத்தப் பெருக்கம் சுமார் 180.

வரலாறு வேண்டுமென்பவர்களுக்கு: 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பார்டீனும் பிராட்டைனும் முதல் டிரான்சிஸ்டரை இயக்கிக் காட்டினார்கள், நாம் இன்று பாடத்தில் படிக்கும் சந்தி வகைக்கு அடுத்த மாதமே வடிவம் கொடுத்தவர் ஷாக்லி. 1956-இல் மூவருக்கும் நோபல். போதும்.

இனி வெயில். கத்திரி வந்தால் செய்தித்தாளின் வெப்பநிலைப் பட்டியலில் திருத்தணி தவறாமல் இடம் பிடிக்கும். 27 டிகிரியில் சரிபார்த்த சர்க்யூட் 43 டிகிரியில் என்ன ஆகும்? பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே தேவைப்படும் மின்னழுத்தம் டிகிரிக்கு 2 மில்லிவோல்ட் வீதம் குறையும். 16 டிகிரிக்கு 32 மில்லிவோல்ட். எமிட்டரை நேராகக் கிரவுண்டில் கட்டி, பேஸில் மாறாத மின்னழுத்தம் கொடுத்திருந்தால் மின்னோட்டம் மூன்று மடங்கைத் தாண்டும். 4.7 கிலோஓமில் 3 மில்லிஆம்பியருக்கே 14 வோல்ட் வேண்டும், இருப்பதோ 12. டிரான்சிஸ்டர் முழுதாகத் திறந்த நிலையில் மாட்டிக்கொள்ளும், பாட்டு நின்றுவிடும்.

எமிட்டரில் ஒரு 1.5 கிலோஓம் ரெசிஸ்டரைப் போட்டுவிட்டால் கதை மாறுகிறது. மின்னோட்டம் ஏற முயன்றால் எமிட்டரின் மின்னழுத்தமும் ஏறும்; பேஸுக்கும் அதற்குமான வித்தியாசம் சுருங்கி, ஏற்றம் அடங்கும். 32 மில்லிவோல்ட் மாற்றத்துக்கு மின்னோட்டம் கூடுவது 2 சதவீதம்தான். இதற்கிடையே 26 மில்லிவோல்ட் 27-ஐத் தாண்டியிருப்பதால் சரிவு 5 சதவீதம் குறையும். இரண்டும் சேர்ந்து, திருத்தணிக் கத்திரியில் பெருக்கத்துக்கு நட்டம் 3 சதவீதம். காதுக்குத் தெரியாது.

இதே ரெசிஸ்டர் ஏ.சி. கணக்கிலும் குறுக்கே நின்றால் 180 வெறும் 3 ஆகிவிடும். அதனால்தான் அதன் பக்கத்தில் ஒரு கெப்பாசிட்டர். டி.சி.க்கு அது மூடிய கதவு, பாட்டுக்குத் திறந்த கதவு. வெயிலைத் தடுக்கும் ரெசிஸ்டர் பாட்டின் கண்ணில் படுவதே இல்லை. சில ரூபாய் சாமான்களில் இவ்வளவு சாமர்த்தியம்!

இத்தனை நானோமீட்டர், அத்தனை நானோமீட்டர் என்று சிப் விளம்பரங்கள் தினமும் வருகின்றன. வரட்டும். அந்தச் சிப்களில் இருக்கும் மாஸ்ஃபெட் வகை டிரான்சிஸ்டர்களுக்கும் மின்னோட்டத்தைப் பத்தில் ஒன்றாக அணைக்க, அறை வெப்பநிலையில் குறைந்தது அதே 60 மில்லிவோல்ட் வேண்டும். அளவைச் சுருக்கியவர்களால் அதைச் சுருக்க முடியவில்லை.

கடைசியாக, ஏ.சி. கணக்கில் கிரவுண்டாகிப்போன அந்த சப்ளைக்குத் திரும்புவோம். திருவிழாக் கடைகளில் ‘5000 வாட் பி.எம்.பி.ஓ.’ என்று அச்சிட்ட ஸ்பீக்கர் பெட்டிகள் இன்னும் விற்கின்றன. ஆம்ப்ளிஃபயர் எதையும் உற்பத்தி செய்வதில்லை; சப்ளை கொடுக்கும் மின்சாரத்தைப் பாட்டின் வடிவத்தில் அளந்து விடுகிறது, அவ்வளவுதான். வாங்கும் முன் பெட்டியைத் திருப்பி அடாப்டரைப் பாருங்கள். 12 வோல்ட், 2 ஆம்பியர் என்றிருந்தால் உள்ளே போவதே 24 வாட். தொடர்ந்து வெளியே வருவது அதற்கும் குறைவு.