அனலிற் சுழலும் இதழ்கள்

மதுரை மாநகருக்கு வடமேற்கே, திண்டுக்கல் செல்லும் நெடுஞ்சாலையில் பரவை என்னும் ஊர் உள்ளது. அவ்வூர்த் தோட்டங்களில் காய்கறி பறிப்போர் சிற்சில வேளைகளில் விமானத்தின் ஒலி கேட்டு அண்ணாந்து நோக்குவர். இறக்கையும் வாலும் அவர்கள் கண்ணுக்குப் புலனாகும். எஞ்சினுக்குள் ஒரு நெருப்பாறு ஓடுவதும், அதன் நடுவே சிறு சிறு உலோக இதழ்கள் நின்று சுழல்வதும் புலனாகா.

ஜெட் எஞ்சின் செய்யும் வேலையைச் சொல்லுவது எளிது. முன்புறம் புகும் காற்றை அது பல அடுக்கு விசிறிகளால் இறுக்குகிறது. இறுகிய காற்றில் எண்ணெயைத் தூவி எரிக்கிறது. எரிந்து விரிந்த வாயு பின்புறமாகப் பீறிட்டு வெளியேறுகிறது. வெளியேறுமுன் அவ்வாயு ஒரு சக்கரத்தைச் சுழற்றிவிட்டுச் செல்லுகிறது. அச்சக்கரமே டர்பைன் எனப்படும் சுழலி. முன்னுள்ள விசிறிகளை இயக்கும் ஆற்றல் அதிலிருந்தே கிடைக்கிறது. சக்கரத்தின் விளிம்பில் வரிசையாகச் செருகப்பட்டவையே இதழ்கள். காற்றாடி பூட்டிய சிறு விமானங்கள் பலவற்றிலும் இக்காலத்தில் காற்றாடியைச் சுழற்றுவது இத்தகைய சுழலிதான்.

இதழின்மேல் மோதும் வாயுவின் வெப்பநிலை, புதிய எஞ்சின்களில் 1,500 பாகை செண்டிகிரேடுக்கும் மேற்பட்டது. இதழுக்கு முதற்பொருளாகிய நிக்கலோ 1,455 பாகையிலேயே உருகிவிடும். இஃது ஓர் இடர். மற்றோர் இடரும் உண்டு. சக்கரம் நிமிடத்திற்கு 10,000 முறைக்கு மேல் சுழலும்போது, சில நூறு கிராம் எடையுள்ள இதழைச் சில டன் எடையைக் கட்டித் தொங்கவிட்டாற்போல மையவிலக்கு விசை வெளிநோக்கி இழுக்கிறது. கொல்லன் உலையிற் பழுத்த இரும்பு, சிறு தட்டுக்கே இணங்கி நீள்வதைக் கண்டோர் இதன் விளைவை உணர்வர். உருகாவிட்டாலும் இதழ் மயிரளவு மயிரளவாக நீளும். நீண்டு சுற்றுக்கூட்டை உரசுமாயின் எஞ்சின் அழியும்.

இங்கிலாந்தில் பிராங்க் விட்டில் என்பார் 1937ஆம் ஆண்டில் தம் ஜெட் எஞ்சினை முதன்முதல் ஓட்டியபோது எஃகு இதழ்களையே நம்பியிருந்தார். எஃகு நெடுநேரம் தாங்கவில்லை. பின்னர் நிக்கலோடு குரோமியம் கலந்த புதிய உலோகம் வந்தது. குரோமியம் இதழின் மேற்பரப்பு எரிந்து உதிராமற் காக்கும். உடன் சேர்த்த அலுமினியமும் டைட்டேனியமும் நிக்கலோடு கூடி, உலோகத்தினுள் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாய் நிறைந்து, அஃது இளகி நீளாதபடி தடுக்கும். சூடேறினால் தளர்வதே உலோகங்களின் இயல்பு. இத்துகள்களோ ஓர் எல்லைவரை சூடேற ஏற உறுதி மிகும் வியத்தகு தன்மையுடையவை. கோபால்ட், டங்ஸ்டன், டாண்டலம், ரீனியம் முதலியனவும் பிற்காலத்தில் அளவறிந்து சேர்க்கப்பட்டன.

கலவை மட்டும் போதாது. இதழினுள் நுண்ணிய வழிகள் அமைத்துக் காற்றைச் செலுத்துகின்றனர். அது குளிர்ந்த காற்றென்று எண்ணிவிடலாகாது. இறுக்கப்பட்டதனால் 600 பாகை அளவுக்குச் சூடேறிய காற்றே அது. எனினும் சூழ்ந்துள்ள அனலை நோக்க அதுவே தண்மையாகிறது. கோணல்மாணலான அவ்வழிகளைத் துளைக்கருவியால் குடைதல் இயலாது. வார்க்கும்போதே அவை அமைய வேண்டும்.

அவ்வாறு வார்க்கும் முறையின் அடிப்படை தமிழகத்துக்குப் புதியதன்று. கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து தெய்வத் திருவுருவைச் சிற்பிகள் செய்கின்றனர். காவிரியின் வண்டல் மண்ணை அதன்மேற் பூசி உலர்த்திச் சூடேற்றுவர். மெழுகு உருகி வழிந்தோடும். எஞ்சிய வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவர். சுழலி இதழும் இவ்வாறே மெழுகில் உருவெடுக்கிறது. மண்ணுக்கு மாறாகப் பீங்கான் குழம்பில் அதனைப் பன்முறை தோய்க்கின்றனர். மெழுகினுள் முன்னரே பதித்த பீங்கான் துண்டுகள், வார்ப்பு முடிந்தபின் காரத்தாற் கரைக்கப்படுகின்றன. அவை கரைந்த இடமே காற்று செல்லும் வழி. அலுமினியமும் டைட்டேனியமும் காற்றுப்பட்டால் எரிந்து கெடுமாதலால், உருக்குவதும் ஊற்றுவதும் வெற்றிட உலையிலே நிகழும்.

ஊற்றியபின் செய்யும் வேலைதான் அரிது. உருகிய உலோகம் ஆறும்போது பற்பல சிறு படிகங்களாக உறையும். அவை ஒன்றோடொன்று கூடும் எல்லைகளே கடும் வெப்பத்தில் முதலில் நெகிழ்ந்து பிளவுறும் இடங்கள். எல்லையே இல்லாதபடி முழு இதழையும் ஒரே படிகமாக்கினால் என்ன? இதற்கென அச்சின் அடியில் திருகுசுருள் போன்ற ஒரு குறுகிய வழியை அமைத்தனர். அச்சை உலையிலிருந்து மெல்ல மெல்லக் கீழே இறக்கும்போது உலோகம் அடியிலிருந்து உறையத் தொடங்கும். பல படிகங்கள் மேல்நோக்கி வளரும். சுருள் வழியைத் தாண்டி வெளிவருவது அவற்றுள் ஒன்றே. அவ்வொன்றே இதழின் நுனிவரை வளர்ந்து நிற்கும். சிறிது விரைந்து இறக்கினும் புதுப் படிகம் தோன்றும், அவ்விதழ் கழிக்கப்படும்.

இந்நுட்பத்தை அறிந்த நாடுகள் சிலவே. அறிந்தவர் பிறர்க்கு எளிதிற் கற்பிப்பதுமில்லை. இந்திய அரசு 1989ஆம் ஆண்டில் ஒப்புதல் அளித்த போர்விமான எஞ்சினுக்குக் காவிரி என்று பெயரிட்டனர். பெங்களூரில் உருவான அந்த எஞ்சின் வேண்டிய உந்துவிசையை எட்டவில்லை. காரணங்கள் பல, இன்னும் மிகுதியான அனலைத் தாங்கவல்ல இதழ்கள் கிட்டாமை அவற்றுள் ஒன்று. ஆகவே தேஜஸ் விமானம் 2001ஆம் ஆண்டு சனவரியில் அமெரிக்க எஞ்சினைக் கொண்டே முதன்முதல் பறந்தது.

ஆயினும் ஐதராபாத்திலுள்ள பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகத்தார் முயற்சியைக் கைவிடவில்லை. படிகங்கள் ஒரே திசையில் நெடுக வளர்ந்த இதழ்களை முதலில் வார்த்தனர். பின்னர் ஒற்றைப் படிகத்தை நாடினர். ஹெலிகாப்டர் எஞ்சினுக்கென ஐந்து தொகுதிகளாக 300 இதழ்கள் செய்வதென்பது அவர்கள் மேற்கொண்ட பணி. அவற்றுள் முதல் தொகுதியான 60 ஒற்றைப்படிக இதழ்கள், பெங்களூரிலுள்ள இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தாரிடம் அளிக்கப்பட்ட செய்தி 2021ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் வெளியிடப்பட்டது.