எளிமையே அழகு – காஞ்சித் தறி சொல்லும் பாடம்



"எளிமை" என்றதும் நம்மில் பலருக்கு "மலிவு" என்றுதான் தோன்றுகிறது. கல்யாண வீட்டில் ஜரிகை குறைந்த சேலையைப் பார்த்தால், "என்னப்பா, இவ்வளவுதானா?" என்று கேட்கிறோம். டிராயிங் ஷீட்டில் நாலு கோடு அதிகம் போட்டால் மார்க் வந்துவிடும் என்று நம்புகிறவர்களும் நம் வகுப்பில் உண்டு! ஆனால் எளிமை என்பது குறைத்துக் கொடுப்பது அல்ல. வேண்டாததை நீக்கிவிட்டு, வேண்டியதைப் பிசகில்லாமல் செய்வது. இதற்குச் சான்று தேடி வெளிநாடு போக வேண்டாம். நம்ம காஞ்சிபுரத்துத் தறியே போதும்.

கோர்வை என்றால் என்ன?

பச்சை உடல், சிவப்புக் கரை போட்ட ஒரு பட்டுச் சேலையை எடுத்துக்கொள்வோம். சாதாரண முறையில் ஒரே நாடா இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஓடும். கரையில் பாவு நூல் சிவப்பாக இருந்தாலும், குறுக்கே ஓடும் ஊடை நூல் பச்சை. இரண்டும் கலந்து கரையின் நிறம் மங்கிவிடும்.

கோர்வையில் மூன்று நாடாக்கள். உடலுக்கு ஒன்று, இரு பக்கக் கரைக்கும் ஒவ்வொன்று. உடல் ஊடையும் கரை ஊடையும் சந்திக்கிற இடத்தில், கொக்கி போல ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு திரும்பிவிடும். பச்சை பச்சையாகவே நிற்கும், சிவப்பு சிவப்பாகவே நிற்கும். தையல் கிடையாது, ஒட்டு கிடையாது. இதற்குத் தறியில் நெசவாளருடன் உதவிக்கு இன்னொருவரும் உட்கார வேண்டும். நேரமும் அதிகம் பிடிக்கும்.

சரி, அந்தக் கோபுரக் கரை எப்படி வருகிறது? நூல்கள் சந்திக்கிற இடத்தைச் சில இழைகள் தள்ளித் தள்ளி வைத்தால், படிப்படியாக முக்கோணம் எழும். வரிசையாகக் கோபுரங்கள்! அது மேலே கொண்டுபோய் வைத்த அலங்காரம் இல்லை. இணைப்பே அலங்காரம். மெக்கானிக்கல் நண்பர்கள் பாஷையில் சொன்னால், ஜாயின்ட்டே டிசைன்!

இன்னொன்றும் கவனியுங்கள். உடல் முழுக்கப் பூ போட்டால் சின்னப் பிழை அதில் மறைந்துவிடும். வெறும் உடலில் ஒரு இழை பிசகினாலும் கண்ணில் குத்தும். எளிமையானதைச் செய்யத்தான் கை சுத்தம் அதிகம் வேண்டும்.

கல்லிலும் செம்பிலும்

காஞ்சியை ஆண்ட முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன், 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விழுப்புரம் பக்கம் மண்டகப்பட்டில் ஒரு குகைக் கோயில் குடைந்தான். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் அமைத்ததாக அங்குள்ள கல்வெட்டு பெருமையாகச் சொல்கிறது. எதைச் சேர்த்தேன் என்பதை விட, எது இல்லாமல் செய்தேன் என்பதில் பெருமை! தூண்களைப் பாருங்கள். மேலும் கீழும் சதுரம், நடுவில் எண்பட்டை. அவ்வளவுதான்.

1958-இல் அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் இந்திய அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார்கள். நம் நாட்டில் பார்த்த பொருள்களில் அவர்கள் மிகவும் வியந்தது எதை தெரியுமா? தண்ணீர்ச் செம்பை! கையில் பிடிக்க, இடுப்பில் வைக்க, ஊற்ற, கழுவ – எல்லாவற்றுக்கும் பொருந்துகிற வடிவம். யாரோ ஒருவர் வரைந்ததல்ல, பல தலைமுறைகள் சேர்ந்து செதுக்கியது என்றார்கள். அந்த அறிக்கையின் தொடர்ச்சியாகத்தான் 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வந்தது.

இன்றைய நிலை

1804-இல் பிரான்சில் ஜக்கார்டு கண்டுபிடித்த கருவி நம் தறிகளின் மேலும் ஏறியது. அதன்பின் பூ போடுவது சுலபமாகிவிட்டது. எங்கே நிறுத்துவது என்பதுதான் கஷ்டம். கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிற நமக்கும் இதே சங்கடம்தானே?

1936-இல் கலாக்ஷேத்திராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி, அங்கேயே தறிகள் அமைத்து, அகலக் கரையும் எதிர்நிறமும் கொண்ட பழைய சேலைகளுக்கு மறுவாழ்வு கொடுத்தார். அந்தச் சேலைகளுக்கு இன்றும் மதிப்பு இருக்கிறது. ஆனால் கோர்வை போடுகிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். இரண்டு பேர் உழைப்பு, கூடுதல் நாள். வாங்குகிறவரோ ஜரிகையின் அகலத்தைத்தான் பார்க்கிறார், இணைப்பைப் பார்ப்பதில்லை. விசைத்தறியில் வந்த போலியும் பக்கத்திலேயே தொங்குகிறது. தெரியாத அருமைக்கு யார் காசு கொடுப்பார்கள்?

எனவே நண்பர்களே, அடுத்த முறை வீட்டில் பட்டு எடுக்கப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். கரையும் உடலும் சேருகிற இடத்தைத் திருப்பிப் பாருங்கள். கரைக்குள் உடலின் நிறம் கலந்திருக்கிறதா, தனித்து நிற்கிறதா என்று அம்மாவுக்குக் காட்டுங்கள். கோர்வைக்கு ஏன் கூடுதல் விலை என்று எடுத்துச் சொல்லுங்கள். மூன்றாவது நாடாவுக்கு உதவுகிற எளிய சாதனம் ஒன்றைப் புராஜெக்ட்டாக எடுக்க முடியுமா என்றும் யோசியுங்கள். டிப்ளமோ படித்த கைகள் தறிக்காரர் கைகளுக்குச் செய்யக்கூடிய மரியாதை அதுதான். செய்வோமா?