ஓடு சொல்லாத உறவு

ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத சுருள் ஓடு அது. உருப்பெருக்கியில் பார்த்தால் நத்தைக் குஞ்சு என்றே தோன்றும். 1758-இல் இயற்கையியலாளர் லின்னேயஸ் அதை, சுருள் ஓடுள்ள கணவாய் இனமான நாட்டிலஸோடு சேர்த்து ‘நாட்டிலஸ் பெக்காரியை’ என்று பெயரிட்டார். இன்றைய பெயர் ‘அம்மோனியா பெக்காரியை’. நத்தையோடும் நாட்டிலஸோடும் அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒரே செல்லால் ஆன உயிர் அது. ஃபோராமினிஃபெரா என்னும் பெருங்கூட்டத்தில் ஒன்று.

கூட்டத்துக்கு அந்தப் பெயரை 1826-இல் தந்தவர் பிரெஞ்சு இயற்கையியலாளர் அல்சீட் தோர்பிஞி. ஓட்டின் ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குச் சிறு துளை இருப்பதைக் கவனித்து, துளைக்கான லத்தீன் சொல்லிலிருந்து பெயரை எடுத்தார். ஆனால் அவரும் இவற்றைக் கணவாய் இனத்தில்தான் வைத்தார். ஒன்பது ஆண்டு கழித்து, 1835-இல், உயிரியலாளர் ஃபெலிக்ஸ் துஜார்தான் இவற்றில் உயிருள்ளவற்றை ஆராய்ந்தார். கணவாய்க்குரிய கையும் இல்லை, கண்ணும் இல்லை. கூழ் போன்ற பொருளும், அதிலிருந்து நீளும் இழைகளும் மட்டுமே இருந்தன.

அந்த இழைகளை நேரில் பார்ப்பதற்கு ஈடில்லை. உயிருள்ள அம்மோனியாவைக் கடல்நீரோடு கண்ணாடித் தட்டில் இட்டு, நுண்ணோக்கியில் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். முதலில் கல்லைப் போலக் கிடக்கும். பிறகு ஓட்டின் வாயிலிருந்து மெல்லிய இழை ஒன்று வெளிவரும், கிளைக்கும், கிளைகள் ஒன்றோடொன்று ஒட்டி வலையாகும். முடியைவிட மிக மெல்லிய ஒரே இழையில் துகள்கள் சில வெளியே போகும், சில உள்ளே வரும். ஒற்றையடிப் பாதையில் எதிரெதிரே நடப்பவர்கள் முட்டிக்கொள்ளாமல் விலகுவதுபோல அவை போகும். வலையில் சிக்கிய டயாட்டம் பாசி ஓட்டை நோக்கி இழுபடும். நடப்பது, பற்றுவது, தின்பது, புது அறை கட்டுவது எல்லாமே இந்த இழைகளின் வேலைதான்.

கட்டுமானப் பொருள் இனத்துக்கு இனம் மாறும். கடல்நீரிலிருந்து கால்சியம் கார்பனேட்டைப் பிரித்து ஓடு வார்ப்பவை பல. மணல்துகளைப் பொறுக்கித் தன் பசையால் ஒட்டிச் சுவர் எழுப்புபவையும் உண்டு. அதனால் நெடுங்காலம் சுவரை வைத்தே குடும்பம் பிரித்தார்கள்.

ஓட்டின் வடிவை வைத்து இனம் பிரிப்பதிலும் சிக்கல் வந்தது. இவற்றில் பல, பால்வழி ஒரு தலைமுறை, பாலில்லாமல் ஒரு தலைமுறை என மாறிமாறிப் பெருகும். பால்வழிப் பிறந்ததற்கு முதல் அறை சிறிது, முழு ஓடோ பெரிதாக வளரும். மற்றதற்கு முதல் அறை பெரிது, ஓடு சிறிது. கீஸா பிரமிடுகளின் சுண்ணாம்புக் கல்லில் காசுகளைப் போலப் பதிந்திருக்கும் நம்முலைட்டஸ் இந்தக் கூட்டத்துப் புதைபடிவம்தான். அதன் ஒரே இனத்தின் இரு வடிவங்களுக்குத் தனித்தனிப் பெயர் வைத்த கதைகள் பல.

மரபணுக்களைப் படிக்கத் தொடங்கியபின் பழைய குடும்பப் பட்டியல் குலைந்தது. மணல் ஓடு கட்டுபவை எல்லாம் ஒரே குடும்பம் அல்ல. அவற்றில் பல, அறையறையாகச் சுண்ணாம்பு ஓடு கட்டுபவற்றின் நெருங்கிய சொந்தம். இதைவிட வியப்பு, நன்னீரில் ஓடே இல்லாமல் வாழும் ரெட்டிகுலோமிக்ஸா. வலை போன்ற இழைகளை விரிக்கும் இந்த அமீபாவும் ஃபோராமினிஃபெராதான் என்று 1999-இல் மரபணு காட்டிக்கொடுத்தது. இருநூறு ஆண்டுக்கு மேலாக ஓடு ஒன்றையே அடையாளமாகக் கொண்டவர்களுக்கு இது பெரிய பாடம். என் பார்வையில், இழைதான் இந்தக் கூட்டத்தின் உண்மையான முத்திரை.

அடுத்த முறை ராமேஸ்வரம் பக்கம் போனால், கரை மணலில் ஒரு சிட்டிகை எடுத்து, பத்து மடங்கு உருப்பெருக்கியில் பாருங்கள். சுருள் ஓடுகள் கண்ணில் படும். பெரும்பாலும் காலி ஓடுகள்தான். வலை விரிப்பதைப் பார்க்க ஆசையிருந்தால், கழிமுகச் சேற்றின் மேற்படலத்தைக் கொஞ்சம் வழித்து, அங்குள்ள நீரோடு கல்லூரி நுண்ணோக்கிக்குக் கொண்டுபோங்கள்.