வெள்ளிக்கிழமை வேதாகமம்: ஷார்ஜாவில் ஒரு வாலிபர் சங்கம்

ஷார்ஜா தொழில்பேட்டையில் ஜன்னல்களுக்கான அலுமினியச் சட்டம் செய்யும் ஆலையொன்றில் வேலை செய்கிறேன். ஒருகாலத்தில் வரலாற்று விரிவுரையாளன். சைவக் குடும்பத்தில் பிறந்து, பின்னர் எந்தக் கோயிலுக்கும் போகாதவனாகிப்போனவன். அப்படிப்பட்டவன் தேவாலய வாலிபர் சங்கங்கள் பற்றி எழுதுவது இவ்விதழின் வாசகர் சிலருக்கு வியப்பாயிருக்கும். வேறு சிலருக்குச் சந்தேகத்தைத் தரும். எங்கள் மத்தியில் இவ்விடயம் இரண்டு வசனங்களோடு முடிந்துவிடுவது வழக்கம். மிஷனரிகள் ஏகாதிபத்தியத்தின் முன்னணிப்படை. மதம் மக்களை மயக்குவது. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் என் அறையில் கீழ்க்கட்டிலில் படுக்கும் இருபத்திரண்டு வயதுப் பையனை விளங்கிக்கொள்ள இரண்டுமே எனக்கு உதவவில்லை.

அவன் வன்னியைச் சேர்ந்தவன். ஒருநாள் இரவு ஷிப்ட் முடிந்து வந்து, வேதாகமத்தை விரித்து, "சேர், இந்தத் தமிழுக்குக் கருத்துச் சொல்லுங்கோ" என்றான். புரட்டஸ்தாந்து சபைகளில் இன்றும் அதிகமாக வாசிக்கப்படுவது ஹென்றி பவர் தலைமையிலான குழு பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருவாக்கிய மொழிபெயர்ப்பு. வடமொழிச் சொற்கள் மலிந்த நடை. 1995இல் கத்தோலிக்கரும் மற்றச் சபையினரும் சேர்ந்து வெளியிட்ட திருவிவிலியம் இலகுவான தமிழில் இருந்தும், பழைய நடைக்குத்தான் 'வேத வாசனை' இருப்பதாகப் பலர் கருதுகிறார்கள். அகராதியாகத்தான் நான் அவனோடு சங்கத்துக்குப் போனேன்.

இங்குள்ள ஏற்பாட்டைச் சற்று விளக்கவேண்டும். ஷார்ஜாவில் யார்மூக் பகுதியில் பல சபைகளின் தேவாலயங்கள் அருகருகே இருக்கின்றன. ஒரே மண்டபத்தைப் பல மொழிக்காரர் நேரம் பிரித்துப் பாவிக்கிறார்கள். அனுமதிக்கப்பட்ட இடத்துக்கு வெளியே ஆராதனை நடத்த முடியாது. முஸ்லிம்களை மதம் மாற்ற முயல்வது குற்றம். ஆகவே காம்ப் அறையில் பத்துப்பேர் கூடி வேதம் வாசிப்பது வம்பை விலைக்கு வாங்குவது. 2022 ஜனவரியில் ஷார்ஜா அரசு வெள்ளி, சனி, ஞாயிறு மூன்றையும் விடுமுறையாக்கியது. அது அரச ஊழியருக்கு. எங்கள் ஆலைக்கு வெள்ளி ஒன்றுதான். அன்று பின்னேரம் இரண்டு மணித்தியாலம், நாகர்கோவில், தூத்துக்குடி, மன்னார், யாழ்ப்பாணம் என்று முப்பது பேர்வரை கூடுகிறார்கள். பெண்கள் இருவர் மட்டுமே, இருவரும் தாதிகள். வீட்டுவேலை செய்யும் பெண்களுக்கு வெள்ளியும் கிடையாது.

பாட்டு, ஜெபம், பிறகு வேதாகம வினாடி வினா. நோவாவின் பேழை எத்தனை முழம், யோசேப்பை எத்தனை வெள்ளிக்காசுக்கு விற்றார்கள். சரியாகச் சொன்னவருக்கு ஒரு பேனை. யோசேப்பின் விலையைச் சொல்லிப் பரிசு வாங்கிய பையன், ஏஜன்சிக்குக் கட்ட வட்டிக்கு வாங்கிய காசை இன்னும் அடைத்து முடிக்கவில்லை. விற்கப்பட்டு அந்நிய தேசம் போனவனின் கதை அவனுக்கு எண்ணாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இத்தகைய சங்கங்களின் தோற்றம் வேறு மாதிரியானது. வை.எம்.சி.ஏ. 1844 ஜூனில் லண்டனில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் தொடங்கியது. ஜோர்ஜ் வில்லியம்ஸ் கிராமத்திலிருந்து வந்த கடைச் சிப்பந்தி. நாள் முழுதும் வேலை, கடைக்கு மேலேயே படுக்கை. அத்தகைய பன்னிரண்டு இளைஞர் ஜெபிக்கவும் வேதம் வாசிக்கவும் கூடியதுதான் ஆரம்பம். எங்கள் காம்பைப் பார்த்த எவருக்கும் அந்த மேல்மாடி அந்நியமாகத் தோன்றாது. பெல்ஜியத்தில் ஜோசப் கார்டைன் குருமாணவராகி விடுமுறைக்கு ஊர் திரும்பியபோது, ஆலைக்குப் போய்விட்ட பள்ளித்தோழர்கள் அவரை எதிர்முகாமைச் சேர்ந்தவராகப் பார்த்தார்கள். அந்த வடுவிலிருந்து 1925இல் அவர் அமைத்த கிறிஸ்தவ இளம் தொழிலாளர் இயக்கத்தின் முறை மூன்று சொற்கள்: பார், தீர்ப்பிடு, செயற்படு. சுவிசேஷத்தை வாசித்து, ஆலையில் இந்த வாரம் என்ன நடந்தது என்று விசாரிப்பார்கள். தொழிற்சங்கமும் வேலைநிறுத்தமும் அனுமதிக்கப்படாத இந்நாட்டில் மூன்றாவது சொல் ஊருக்கான விமானச் சீட்டில் முடியும். முதல் இரண்டுக்கும் தடையில்லை என்பது என் வாதம்.

ஒரு வெள்ளி, யாக்கோபு நிருபத்தில், அறுவடைக்காரருக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடும் பகுதி வந்தது. நடத்தியவர் நல்ல மனிதர். அது ஆவிக்குரிய கூலி என்று விளக்கினார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் நாலு பேருக்கு இரண்டு மாதச் சம்பளம் நிலுவை. சம்பளத்தை வங்கிவழி கொடுப்பதைக் கண்காணிக்கும் ஊதியப் பாதுகாப்பு முறை இங்கு 2009இலிருந்து உண்டு என்பதும், சம்பளம் பிந்தினால் தொழில் அமைச்சில் முறையிடலாம் என்பதும் அவர்களில் ஒருவனுக்கும் தெரியாது. கூட்டம் முடிந்த பிறகு வாசலில் நின்றுதான் சொன்னேன்.

வேதாகமத்தை இளைஞர் கையில் கொடுப்பவர், அது அங்கே என்ன செய்யும் என்பதைத் தீர்மானிக்க முடியாது. எங்கள் வரலாறே சாட்சி. யாழ்ப்பாணத்து வெஸ்லியன் பள்ளியில் படித்து அங்கேயே கற்பித்த ஆறுமுக நாவலர், பேர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்தவர். அது 1850இல் அச்சானது. அதற்கு முன்பே, 1847இன் கடைசி நாளில், வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் மிஷனரிகளின் பாணியிலேயே சைவப் பிரசங்கத்தைத் தொடங்கிவிட்டார். 1854இல் எழுதிய சைவதூஷணபரிகாரத்தில், பழைய ஏற்பாட்டு ஆலயக் கிரியைகளையே எடுத்துக்காட்டிச் சைவக் கிரியைகளுக்காக வாதாடினார். சாதி விடயத்தில் நாவலரோடு எனக்கு உடன்பாடில்லை. அது வேறு கதை. மிஷன் வழிவந்த யாழ்ப்பாணக் கல்லூரியின் ஆசிரியர் ஹண்டி பேரின்பநாயகம் முன்னின்று 1924இல் தொடங்கிய மாணவர் காங்கிரஸ், பின்னர் வாலிபர் காங்கிரஸாகி, சமபந்தி போசனத்தையும் பூரண சுயராஜ்யத்தையும் பேசியது. 1931 தேர்தலைப் பகிஷ்கரித்தது. வாசிக்கப் பழகியவர்கள், கொடுத்தவர் காட்டிய பக்கத்தோடு நிற்கவில்லை.

சென்ற மாதம் நூற்றுமுப்பத்தேழாம் சங்கீதம். பாபிலோன் ஆறுகளருகே அகதிகள் அழும் சங்கீதம். நம்மவர் கூட்டங்களிலும் மேற்கோளாக வருவதுண்டு, முதற்பாதி மட்டும். கடைசி வசனம் எதிரியின் குழந்தைகளைக் கல்லில் மோதுகிறவன் பாக்கியவான் என்ற பொருளில் முடிகிறது. 1971இல் வெளிவந்த கத்தோலிக்க செபநூல் அந்த முடிவை விட்டுவிட்டது. நடத்தியவரும் தாண்டப் பார்த்தார். என் அறைப் பையன் கை உயர்த்தினான். 2009இல் அவனுக்கு ஆறு வயது. கைக்குழந்தையாயிருந்த தங்கை முள்ளிவாய்க்காலில் போனாள்.

"ஐயா, இதைப் பாடினது ஆர்? பிள்ளையைப் பறிகொடுத்த ஆக்களோ, கொன்ற ஆக்களோ?"

மண்டபத்தில் குளிரூட்டியின் சத்தம் மட்டும். நடத்தியவர் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்: கி.மு. ஆறாம் நூற்றாண்டில் எருசலேம் எரிக்கப்பட்டு நாடுகடத்தப்பட்டவர்களின் பாட்டு இது, தங்களுக்கு நடந்ததையே மற்றவனின் பிள்ளைக்கும் கேட்கிறார்கள். "அப்ப பறிகொடுத்தவையும் இப்பிடிக் கேட்பினம்" என்றான். ஆமோதிப்பா கண்டனமா என்று எனக்குப் பிடிபடவில்லை. அந்த வரியை வெட்டியிருந்தால் அந்தக் கேள்வி எழுந்திராது. எங்கள் சஞ்சிகைகளில் இருபது வருடமாக நாங்கள் சுற்றிச்சுற்றி எழுதும் கேள்வியும் அதுதான்.

போதகர் என்னைத் தனியே கூப்பிட்டு, பிள்ளைகளின் விசுவாசம் குழம்பிவிடுமோ என்று கேட்டார். நியாயமான பயம். சபையின் இருப்பே அனுமதியில் தங்கியிருக்கும் நாட்டில் பயம் இரட்டிப்பு. வினாடி வினாவை நிறுத்தச் சொல்லவில்லை, அரைமணி நேரம் வாசிக்க விடுங்கள் என்றேன். யோசித்து, மாதத்தில் ஒரு வெள்ளி தந்திருக்கிறார்.

இந்த மாதம் ரூத். பிழைக்கப் போன தேசத்தில் மற்றவர் வயலில் கதிர் பொறுக்கிய மோவாபியப் பெண். வாசிப்பதாகச் சொன்னவர் தாதிகளில் ஒருவர். இரவு டியூட்டி மாற்றக் கிடைத்தால் வருவார்.