ஜாஸ் குரலிசை: மேடை நிகழ்ச்சியும் ஒலிப்பதிவும்

ஜாஸ் குரலிசை என்பது, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆப்பிரிக்க அமெரிக்க மக்களிடையே உருவான ஜாஸ் இசையைக் குரலால் பாடும் முறை ஆகும். எழுதப்பட்ட மெட்டு இதில் ஒரு தொடக்கம் மட்டுமே. மெட்டையும், தாளத்தில் சொற்கள் விழும் இடத்தையும் பாடகர் மேடையிலேயே மாற்றிக்கொண்டு போவார். உடன் வாசிப்பவர்கள் அதைக் கேட்டு அப்போதே தங்கள் வாசிப்பை மாற்றுவார்கள். ஆகவே ஒரே பாடலை ஒரே பாடகர் இரண்டு இரவுகளில் பாடினாலும் இரண்டும் ஒன்றுபோல இருப்பதில்லை. மேடையில் பதிவான ஜாஸ் இசைத்தட்டுகளை இரசிகர்கள் தேடிக் கேட்பதற்கு இதுவே முதன்மைக் காரணம். 1960இல் மேற்கு பெர்லினில் எல்லா பிட்ஸ்ஜெரால்ட் பாடிய நிகழ்ச்சியின் பதிவு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு.

பாடலின் கட்டமைப்பு

ஜாஸ் பாடகர்கள் பாடும் பழைய அமெரிக்கப் பாடல்களில் பல 32 தாள அளவுகள் கொண்டவை. ஒவ்வொரு அளவுக்கும் உரிய சுரக்கூட்டுகள் (கார்டு) ஒரு வரிசையில் அமைந்திருக்கும். 32 அளவுகள் முடிந்ததும் அதே வரிசை மீண்டும் தொடங்கும். பியானோ, கிதார், டபிள் பேஸ், டிரம் வாசிப்பவர்கள் இந்தச் சுற்றை விடாமல் நடத்திக்கொண்டே இருப்பார்கள். பாடகர் சொல்லை மாற்றலாம், மெட்டை மாற்றலாம், சிறிது நேரம் நிறுத்தவும் செய்யலாம். ஆனால் சுற்றில் தாம் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதை மறக்கக் கூடாது.

ஸ்கேட் பாடுதல்

பொருளற்ற அசைகளைக் கொண்டு, ஒரு இசைக்கருவி வாசிப்பதைப் போலப் பாடுவது ஸ்கேட் எனப்படும். நமது கற்பனாசுவரத்தில் பாடுபவர் சுரங்களின் பெயர்களையே சொல்கிறார். ஸ்கேட் பாடுபவரோ அசைகளைத் தாமே தேர்ந்துகொள்கிறார். லூயி ஆம்ஸ்ட்ராங் 1926இல் பதிவு செய்த 'ஹீபி ஜீபீஸ்' என்ற பாடல் இம்முறையைப் பரவலாக அறியச் செய்தது. பாடும்போது சொற்கள் எழுதிய தாள் கீழே விழுந்ததால்தான் அவர் இப்படிப் பாடினார் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியாயினும், அவருக்கு முன்பும் ஸ்கேட் பாடியவர்கள் இருந்தார்கள்.

கலையகமும் மேடையும்

78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 3 நிமிட இசையே அடங்கும். நீண்ட கற்பனைக்கு அதில் இடமில்லை. 1948இல் கொலம்பியா நிறுவனம் எல்.பி. என்னும் நெடுந்தட்டை அறிமுகப்படுத்திய பிறகு ஒரு பக்கத்தில் 20 நிமிடத்துக்கும் மேல் பதிய முடிந்தது. காந்த நாடாவும் பரவலானதால் ஒரு முழுக் கச்சேரியைப் பதிந்து வெளியிடுவது எளிதாயிற்று.

அதே நாடா கலையகத்துக்கும் ஒரு வசதியைத் தந்தது. பிழை நேர்ந்தால் மீண்டும் பாடலாம். நல்ல பகுதிகளை வெட்டி ஒட்டலாம். எல்லா பிட்ஸ்ஜெரால்ட் 1956 முதல் 1964 வரை வெளியிட்ட 'சாங் புக்' வரிசை அத்தகைய கலையகப் பணியின் உச்சம். ஒவ்வொரு சொல்லும் தெளிவாக, பாடலாசிரியர் எழுதியபடியே அவற்றில் ஒலிக்கிறது. ஒரு பாடலைக் கற்றுக்கொள்ள விரும்புபவர் அந்தத் தட்டுகளைக் கேட்கலாம். ஒரு பாடகி எப்படிச் சிந்திக்கிறார் என்று அறிய விரும்புபவர் அவருடைய மேடைப் பதிவுகளைக் கேட்க வேண்டும்.

பெர்லின், 1960

1960 பிப்ரவரி 13 அன்று மேற்கு பெர்லினின் டாய்ச்லாந்துஹாலே அரங்கில் எல்லா பாடினார். பால் ஸ்மித் (பியானோ), ஜிம் ஹால் (கிதார்), வில்பிரட் மிடில்புரூக்ஸ் (டபிள் பேஸ்), கஸ் ஜான்சன் (டிரம்) ஆகியோர் உடன் வாசித்தனர். நிகழ்ச்சியின் பிற்பகுதியில், அப்போது புகழின் உச்சியில் இருந்த 'மேக் த நைஃப்' பாடலை எடுத்துக்கொண்டார். சொற்கள் நினைவில் இருக்குமோ என்ற தயக்கத்தைப் பாடுவதற்கு முன்பே அவையோரிடம் சொல்லிவிட்டார்.

அஞ்சியபடியே சில சரணங்களுக்குப் பின் சொற்கள் மறந்துபோயின. அவர் நிறுத்தவில்லை. பாடலின் அடுத்த சொல் தமக்குத் தெரியவில்லை என்பதையே அந்த மெட்டில் பாடினார். இந்தப் பாடலை முன்பு பாடிப் புகழ்பெற்ற பாபி டாரின், லூயி ஆம்ஸ்ட்ராங் ஆகியோரின் பெயர்களைச் சேர்த்துக்கொண்டார். ஆம்ஸ்ட்ராங்கின் கரகரத்த குரலைப் போலவும் பாடிக் காட்டினார். பாடலைத் தாங்கள் பாழாக்கிக்கொண்டிருப்பதாகத் தம்மையே கேலி செய்துகொண்டார். இத்தனையும் தாளம் பிசகாமல், சரணத்துக்குரிய அளவுகளுக்குள், இயைபுடன் அமைந்தன. இசைக்குழு சுருதியை உயர்த்திக்கொண்டே போக, அவரும் தடையின்றி உடன் சென்றார்.

தயாரிப்பாளர் நார்மன் கிரான்ஸ் இந்தப் பகுதியை வெட்டவில்லை. 'எல்லா இன் பெர்லின்' என்ற பெயரில் வெர்வ் நிறுவனம் அதே ஆண்டில் வெளியிட்ட இத்தொகுப்பு, பெண் குரலுக்கான 2 கிராமி விருதுகளைப் பெற்றது. அவற்றில் ஒன்று, சொற்கள் மறந்த அந்தப் பாடலுக்கே கிடைத்தது. 1999இல் இத்தொகுப்பு கிராமி புகழ் மண்டபத்திலும் சேர்க்கப்பட்டது.

அரங்கும் பாடலும்

இந்தப் பாடல் பெர்லினில் பிறந்தது. பெர்டோல்ட் பிரெக்ட் எழுதி, குர்ட் வைல் இசையமைத்த 'மூன்று காசு இசைநாடகம்' 1928 ஆகஸ்ட் 31 அன்று அங்கே அரங்கேறியது. அதில் வந்த பாடலே பின்னர் ஆங்கிலத்துக்குச் சென்றது. 1933இல் நாசிகள் ஆட்சிக்கு வந்ததும் இருவரும் நாட்டைவிட்டு வெளியேறினர். 1935இல் ஜெர்மன் வானொலியில் ஜாஸ் தடை செய்யப்பட்டது. அதே ஆண்டில்தான் டாய்ச்லாந்துஹாலே அரங்கை இட்லர் திறந்துவைத்தார். அவ்வாறு திறக்கப்பட்ட அரங்கில், 25 ஆண்டுகளுக்குள், ஒரு கறுப்பினப் பெண் அந்த நகரத்தின் பாடலை ஜாஸாகப் பாடினார், மக்கள் ஆரவாரித்தனர்.

அவருடைய சொந்த நாட்டிலும் மேடை என்பது எளிதான இடமாக இல்லை. அவையில் வெள்ளையரையும் கறுப்பினத்தவரையும் பிரித்து உட்கார வைக்கக் கூடாது என்பதில் கிரான்ஸ் உறுதியாக இருந்தார். 1955இல் ஹியூஸ்டனில் அவ்வாறு நடந்த நிகழ்ச்சியின்போது காவலர்கள் ஒப்பனை அறைக்குள் நுழைந்து, சூதாடியதாகக் கூறி எல்லாவையும் வேறு சிலரையும் கைது செய்தனர். மேடைப் பதிவுகளில் கேட்கும் கைதட்டலுக்குப் பின்னால் இந்த வரலாறும் இருக்கிறது.

பிற மேடைப் பதிவுகள்

சாரா வான் 1957 ஆகஸ்டில் சிகாகோவின் மிஸ்டர் கெல்லிஸ் என்ற சிறிய விடுதியில் பாடிய பதிவிலும் சொற்கள் தவறுகின்றன. அவரும் தவறியதையே பாட்டாக்கிச் சிரிக்க வைக்கிறார். பெட்டி கார்ட்டர் தம் சொந்த நிறுவனத்தின் வழியே 1980இல் வெளியிட்ட 'தி ஆடியன்ஸ் வித் பெட்டி கார்ட்டர்' தொகுப்பில் ஒரு பாடல் மட்டும் ஏறத்தாழ 25 நிமிடம் நீள்கிறது.

கேட்கும் முறை

புதிதாகக் கேட்பவர் முதலில் ஒரு பாடலின் கலையகப் பதிவைக் கேட்டு மெட்டை மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது. பிறகு அதே பாடலின் மேடைப் பதிவைக் கேட்டால் எங்கே விலகுகிறார், எங்கே திரும்பி வருகிறார் என்பது தெரியும். இரண்டாம் முறை கேட்கும்போது குரலை விட்டுவிட்டு டபிள் பேஸை மட்டும் பின்தொடரலாம்; பாடலின் சுற்று அதில்தான் தெளிவாகக் கேட்கும். பெர்லின் தட்டின் கடைசிப் பாடலான 'ஹவ் ஹை த மூன்' இப்பயிற்சிக்கு ஏற்றது. ஏறத்தாழ 7 நிமிடம் நீளும் அதன் பெரும்பகுதி ஸ்கேட். வேறு பல பாடல்களின் துண்டுகளை எல்லா அதில் கோத்துக்கொண்டே போகிறார். ஆங்கிலம் அறியாதவரும் அதை முழுமையாகக் கேட்டு மகிழலாம்.